இயற்கைக் காட்சியும் நற்காட்சியும்

(சங்கக் கூட்டங்களில் வாசித்து ஆராய்வதற்குரிய பாடம்)

எண்வகை நன்னெறியுள் முதலாவதாகப் பகவான் புத்தர் வைத்தருளியது நற்காட்சி. ‘சம்மா திட்டி’ என்னும் பாலிமொழித் தொடரைத் தமிழாக்கிய நம் பெரியோர் ‘காட்சி’ என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்டது நமக்கு வாய்த்த ஒரு பேறு என்றே கூறவேண்டும். ஏனெனில், மலையும் ஏரியும் மாந்தோப்பும் கண்முன் விரிந்து நிற்குமிடத்து அதனையும் நாம் காட்சி என்றே வழங்குகின்றோம். கண்ணால் காண்பதும் காட்சி. பொருள்களை உள்ளவாறு உணர்வதும் காட்சி. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு யாது? அழகிய நிலப்பரப்பை நோக்கி மகிழ்கின்றவன் அதனை உள்ளவாறு காண்கின்றானா? மனிதனுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைப் பௌத்தன் எங்ஙனம் அறிதல் வேண்டும்? இவையே இப்பாடத்தின் பொருள்.

இதனை ஆராய்வதற்கு, நிலக்காட்சிகளைப் படமெடுக்கும் நிழற்படக் கலைஞரின் தொழிலை எடுத்துக்கொள்வோம். நாம் ஒரு மலையை நோக்கினால் அந்நோக்கு அக்கணமே மறைந்துவிடுகின்றது. நாம் எதைக் கண்டோம், எதைக் காணாது விட்டோம் என்று பின்னர் ஆராய இயலாது. நிழற்படக் கலைஞரின் நோக்கோ தாளில் நின்றுவிடுகின்றது. அவர் எங்கு நின்றார், எதனைச் சட்டத்திற்குள் அடக்கினார், எதனை வெளியே நிறுத்தினார் என்பதை நூறாண்டு கழிந்த பின்னும் நாம் அமர்ந்து ஆராயலாம். ஆதலின் மனம் எவ்வாறு காண்கின்றது என்பதை அறிய அவர் தொழில் நல்லதோர் உரைகல்லாகும்.

1. காட்சி தோன்றும் விதம்

கண் என்னும் வாயிலும், உருவமும், கண்ணின் வழி எழும் உணர்வும் ஆகிய மூன்றும் கூடுமிடத்து ஊறு தோன்றுகின்றது என்பது தம்மத்தின் போதனை. ஊற்றிலிருந்து நுகர்வும், நுகர்விலிருந்து வேட்கையும், வேட்கையிலிருந்து பற்றும் பிறக்கின்றன. எனவே காட்சி என்பது வெளியே ஆயத்தமாகக் கிடக்கும் ஒரு பொருளன்று. காண்பவனும் காணப்படுவதும் சார்ந்து எழும் நிகழ்ச்சியே அது.

ஒரு குன்றை எண்ணிப் பாருங்கள். கல்லுடைக்கும் குத்தகைக்காரர் அதில் இத்தனை லாரிக் கல் என்று காண்கின்றார். ஆடு மேய்ப்பவர் எப்பக்கம் புல் தழைத்திருக்கின்றது என்று காண்கின்றார். அக்குன்றின் மேல் ஒரு தெய்வம் உறைகின்றது என்று நம்புபவர் கைகூப்புகின்றார். நகரத்திலிருந்து வந்தவர் அழகு என்று வியக்கின்றார். குன்று ஒன்றே, காட்சி நான்கு. நால்வருள் எவரும் குன்றை முழுவதும் காணவில்லை. தத்தம் வேட்கையும் அச்சமும் காட்டிய பகுதியையே கண்டனர். ‘இயற்கையை நேசிக்கின்றேன்’ என்று ஒருவர் கூறும்போது, அவர் நேசிப்பது இயற்கையையா, அல்லது அது தமக்குத் தரும் இன்ப நுகர்வையா என்று வினவுதல் பௌத்தனுக்குரிய கடமை.

2. டிரைப் எடுத்த படங்கள்

தென்னாட்டு நிலத்தையும் கட்டடங்களையும் முதன்முதலில் பெருந்திட்டத்துடன் படமெடுத்தவர்களுள் ஒருவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. 1822இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றியவர். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக் குழுவுடன் உடன்சென்று, அமரபுரம், பகான் முதலிய இடங்களின் பௌத்தப் பள்ளிகளையும் பகோடாக்களையும் படமெடுத்தார். 1856இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக நியமிக்கப்பெற்று, 1857 இறுதியில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை ஆகிய இடங்களின் படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. வைகை ஆறும் அதன் குறுக்கே செல்லும் பாதையும், மதுரைக்கு அருகில் படுத்த யானைபோல் கிடக்கும் ஆனைமலையும் அவர் எடுத்த நிலக்காட்சிகளுள் புகழ்பெற்றவை.

அவருடைய முறையை அறிந்தால் நமக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கும். மெழுகு தோய்த்த தாளில் வெள்ளி உப்புகளைப் பூசி, அதனையே நெகட்டிவாக அவர் பயன்படுத்தினார். அத்தாளில் உருவம் பதிய நெடுநேரம் ஒளி பாய வேண்டும். அசையாது நிற்பவை தெளிவாகப் பதியும். நடமாடுபவை பதியா, அல்லது புகைபோல் தேய்ந்து தோன்றும். ஆதலால் அவருடைய படங்களுள் பெரும்பாலானவற்றில் கோபுரம் நிற்கின்றது, பாறை நிற்கின்றது, தெரு வெறிச்சோடிக் கிடக்கின்றது. அத்தெருவில் நீர் சுமந்தவர், வண்டி ஓட்டியவர், குப்பை வாரியவர், அவருடைய பெட்டிகளையே தூக்கி வந்தவர் எவரையும் காணோம். உழைத்துக்கொண்டே இருந்தவர்கள், உழைத்த காரணத்தாலேயே படத்திலிருந்து மறைந்தனர்.

இரண்டாவது பாடம் வானத்தைப் பற்றியது. அக்காலத்துப் பூச்சு நீல ஒளிக்கு மிகுதியும் வசப்படும். ஆகையால் நிலம் சரியாகப் பதியும்வரை விட்டுவைத்தால் வானம் வெளிறி, மேகங்கள் அழிந்துவிடும். டிரைப் அந்த வெறுமையைப் பொறாது, நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். படத்தைக் காண்போர் அவற்றை அன்றைய வானத்து மேகங்கள் என்றே கொள்வர். இதனை வஞ்சகம் என்று நாம் பழிக்க வேண்டுவதில்லை. மனம் எப்போதும் செய்கின்ற தொழிலை அவர் கை செய்தது, அவ்வளவே. வெறுமையாகத் தோன்றும் இடத்தில் தனக்கு உகந்ததைத் தீட்டிவிட்டு, பின்னர் அதனையே உண்மை என்று நம்புவது மனத்தின் இயல்பு.

இவற்றுக்கு மேல் நமக்கு நெருங்கியதொரு செய்தியும் உண்டு. கிருஷ்ணையாற்றங்கரை அமராவதியில் இருந்த மாபெரும் தூபியின் சிற்பக் கற்களுள் பலவற்றை வால்டர் எலியட் என்பவர் 1845இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். சென்னை அருங்காட்சியகத்தில் கிடந்த அக்கற்களை 1858இல் டிரைப் ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். கல்லைப் போல் நிலையானது வேறுண்டோ என்று எண்ணத் தோன்றும். ஆயினும் அத்தூபியின் கற்களுள் எத்தனையோ அதற்கு முன்னரே சுண்ணாம்புக்காகச் சுட்டெரிக்கப்பட்டிருந்தன. எஞ்சியவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவை, படமெடுத்த அடுத்த ஆண்டாகிய 1859இல், கப்பலேறி இலண்டன் சென்றன. டிரைப் வகித்த பதவியும் செலவு மிகுதி என்று அக்காலத்துக் கவர்னர் டிரெவெலியனால் நிறுத்தப்பெற்றது. படத்தில் நின்ற கல் இடம்பெயர்ந்தது. படத்தில் பதியாத எளிய மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்நிலத்தில் வாழ்கின்றனர். எது நிலை, எது நிலையாமை என்று கண் கூறுவதை அப்படியே நம்பலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

3. மனிதரில்லாத மலை

இனி அமெரிக்க நாட்டில் நிலக்காட்சிப் படக்கலையை உயர்ந்த நிலைக்குக் கொணர்ந்த அன்சல் ஆடம்ஸ் என்பவரை நோக்குவோம். அவர் 1902இல் பிறந்து 1984இல் மறைந்தார். கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கே அவருக்கு வாழ்நாள் முழுவதும் பொருளாயிற்று. 1927இல் ஹாஃப் டோம் என்னும் செங்குத்துப் பாறையைப் படமெடுக்கும்போது, வில்லையின் முன் சிவப்புக் கண்ணாடியை வைத்து வானத்தை ஏறக்குறைய கருமையாக்கினார். கண்ணுக்குத் தோன்றிய வானத்தை விட்டு, தம் உள்ளத்தில் எழுந்த வியப்பையே படமாக்கினார். அவர் படங்களால் நன்மையும் விளைந்தது. சியரா நெவாடா மலைகளைப் பற்றி அவர் 1938இல் வெளியிட்ட படநூல், 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அமைவதற்குத் துணைபுரிந்தது. கலை ஒரு காட்டைக் காக்க வல்லது என்பதை இதனால் அறிகின்றோம்.

ஆயின் மற்றொரு பக்கமும் உண்டு. மனிதன் கைபடாத தூய இயற்கை என்று உலகம் போற்றிய யோசெமிட்டியில் அவாநீச்சி என்னும் பழங்குடியினர் வாழ்ந்து வந்தனர். 1851இல் ஆயுதந்தாங்கிய படையொன்று புகுந்து அவர்களை வெளியேற்றியது. பள்ளத்தாக்கின் புல்வெளிகளும் கருவாலி மரச் சோலைகளும் தாமே அமைந்தவை அல்ல. அம்மக்கள் காலந்தோறும் புதர்களுக்கு அளவாகத் தீயிட்டுப் பேணியதால் அமைந்தவை. அவர்கள் நீங்கிய பின் புல்வெளிக்குள் மரங்கள் நெருங்கி வளர்ந்தன. கைபடாதது என்று போற்றப்பட்ட காட்சி, உண்மையில் பலருடைய கைபட்டே அமைந்தது. சார்பில் தோன்றாத பொருள் எதுவுமில்லை என்னும் போதனைக்கு மலைப் பள்ளத்தாக்கும் விலக்கன்று.

ஆடம்ஸின் வாழ்விலேயே இவ்வுண்மை எதிர்ப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய மரபினரை வீடுவாசலிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்தது. அவர்களுள் பௌத்தர் பலர். மான்சனார் என்னும் முகாமுக்கு ஆடம்ஸ் 1943இல் சென்று, அங்கிருந்தோரின் முகங்களையும், பாலைநிலத்தில் அவர்கள் விளைவித்த வயல்களையும், அவர்களுடைய பௌத்தக் கோயிலையும் படமெடுத்து, 1944இல் நூலாக வெளியிட்டார். அதே முகாமின் பக்கத்திலிருந்து அவர் எடுத்த வில்லியம்சன் மலையின் படமும் புகழ்பெற்றது. அதில் பெரும்பாறைகள் பரந்து கிடக்கின்றன. தொலைவில் முகிலைக் கிழித்து ஒளி இறங்குகின்றது. முள்வேலியோ காவற்கோபுரமோ இல்லை. மலைப்படத்தை மட்டும் கண்டவர் அழகைக் கண்டார். முகங்களையும் சேர்த்துக் கண்டவரே அவ்விடத்தைக் கண்டவராவார்.

இச்செய்தி நமக்கு அயலானதன்று. ஊரின் எழிலைத் தீட்டும் ஓவியங்களை நினைவுகூருங்கள். ஆலமரம் இருக்கும், குளம் இருக்கும், கோபுரம் இருக்கும். சேரி இருக்குமோ? அக்குளத்தை வெட்டியவர், அதன் மடையைக் காத்தவர், அதில் நீர் மொள்ளத் தடுக்கப்பட்டவர் எவரும் சட்டத்திற்குள் வருவதில்லை. ஊருக்குப் புறம்பே நிறுத்தப்பட்டவர்கள் ஊரின் படத்திற்கும் புறம்பே நிறுத்தப்பட்டார்கள். புத்த தம்மத்தைத் தழுவிய நாம், அழகிய நிலக்காட்சி எதனைக் காணினும், சட்டத்திற்கு வெளியே நிற்பவர் யார் என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

4. ததாகதர் நிலத்தை நோக்கியவாறு

அங்ஙனமாயின், இயற்கையின் அழகில் திளைப்பது பொருளுள்ளோரின் பொழுதுபோக்கு. நிலமற்ற ஏழைகளாகிய நமக்கு அதனால் ஆவதென்ன என்று கூறி ஒதுங்கிவிடலாமோ? கூடாது. பகவான் புத்தர் நிலத்தையும் மரத்தையும் நோக்கிய வகைகளுள் மூன்றை ஈண்டு நினைவுகூர்வோம்.

முதலாவது, நன்றியின் நோக்கு. போதி பெற்ற பின் இரண்டாம் வாரம் முழுவதும் ததாகதர் சற்று விலகி நின்று, தமக்கு நிழல் தந்த அரசமரத்தைக் கண்ணிமையாது நோக்கியிருந்தார் என்பது பௌத்த மரபு. அவ்விடம் புத்தகயையில் ‘அநிமிச லோசனம்’ எனப்படுகின்றது. மரத்தில் தெய்வம் உண்டென்று அவர் வணங்கவில்லை; வரம் வேண்டவுமில்லை. உதவிய ஒன்றை உதவியது என்று உணர்ந்து, வேட்கையின்றி நோக்கினார்.

இரண்டாவது, கற்கும் நோக்கு. தக்கிணகிரிக்குச் செல்லும் வழியில் மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் சதுரஞ்சதுரமாகப் பகுக்கப்பட்டுக் கிடப்பதைக் கண்ட பகவான், பிக்குகளின் சீவர ஆடையை அவ்வாறே துண்டுகளை இணைத்துத் தைக்க இயலுமோ என்று ஆனந்தரை வினவினார். அவரும் அவ்வாறே அமைத்தார் என்று விநய பிடகம் கூறுகின்றது. இன்றும் பிக்கு அணியும் சீவரத்தில் அந்த வரப்புகளைக் காணலாம். உழவரின் கையால் அமைந்த நிலம் துறவியின் தோளில் ஆடையாயிற்று. வயலைக் கண்டவர் உழவரின் வேலைத்திறனையும் கண்டார் என்பதே இதன் பொருள்.

மூன்றாவது, அடக்கத்தின் நோக்கு. மழைக்காலத்தில் பிக்குகள் ஊர்சுற்றி இளம்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என்று மக்கள் முறையிட்டபோது, பகவான் மூன்று மாத மழைக்கால உறைவிடத்தை விதித்தார். உயிருள்ள செடிகொடிகளைப் பிக்கு சிதைத்தலும் குற்றமாக விதிக்கப்பட்டது. காலடியில் எது நசுங்குகின்றது என்று பார்த்த பின்பே அடியெடுத்து வைத்தல் வேண்டும் என்பது இதன் கருத்து. இதே நெறியைத்தான் அசோக மன்னர் அரசாணையாக்கினார். காரணமின்றிக் காட்டுக்குத் தீ வைத்தலைத் தம் ஐந்தாம் தூண் கல்வெட்டில் தடுத்தார். மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருந்துமூலிகைகள் பயிரிடவும், வழிகளில் கிணறு வெட்டி மரம் நடவும் செய்ததைக் கூறும் அவருடைய சாசனம், ஆந்திர நாட்டுக் கர்நூல் பகுதியின் எர்ரகுடிப் பாறையிலும் பொறிக்கப்பட்டுள்ளது. மக்களையும் விலங்குகளையும் அவர் ஒருங்கே வைத்து எண்ணியதைக் கவனிக்க.

நன்றி, கல்வி, அடக்கம் ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே இயற்கையைப் பற்றிய நற்காட்சி.

5. தமிழர் ஒருவரின் கருவி

இம்மூன்றுக்கும் அணுகிய நோக்குடன் நம் காலத்தில் படமெடுத்த தமிழர் ஒருவர் உண்டு. அவர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் சென்னையில் மறைந்தார். 1950 முதல் இறக்கும்வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேட்டில் இயற்கை பற்றிய கட்டுரைகளைத் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். 1960இல் பத்மஸ்ரீ விருதும், 1968இல் ஜவஹர்லால் நேரு ஆய்வுநல்கையும் பெற்று, தென்னாட்டுக் காடுகளின் பெருவிலங்குகளை ஆராய்ந்தார். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களே அவர் விரும்பியவை. காட்டு யானைகளை அவர் மிகப் பொறுமையுடன் ஆராய்ந்து படமெடுத்தார்.

அவர் பெரிதும் வற்புறுத்திய கருத்து ஒன்று உண்டு. ஒரு நாட்டின் இயல்பு அதன் நிலத்திலும், அந்நிலத்துக்கே உரிய மரஞ்செடிகளிலும் உயிர்களிலும் அடங்கியிருக்கின்றது; அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து காட்டை நிரப்புதல் அதனைக் காத்தல் ஆகாது என்பது அவர் துணிபு. பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று மயங்குபவருக்கு இது தக்க திருத்தம். எது எதனைச் சார்ந்து வாழ்கின்றது என்று அறியாதவன் மரத்தைக் கண்டாலும் காட்டைக் கண்டவனாகான்.

6. பொன்வயலும் பங்காருபாளையமும்

இனி நம் சொந்த நிலத்துக்கு வருவோம். தெலுங்கில் ‘பங்காரு’ என்றால் பொன். பங்காருபாளையம் சித்தூரிலிருந்து பலமனேர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. ஊரைக் கடந்து மேற்கே சென்றால் மொகிலி கணவாய் ஏற்றம். சுற்றிலும் பாறைக் குன்றுகளும் மாந்தோப்புகளும். அச்சாலையில் செல்வோர் வண்டியை நிறுத்திப் படமெடுத்துக்கொள்ளும் அளவுக்கு அழகிய நிலம். இம்மேற்குத் திசையிலேயே, கர்நாடக எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயல் உள்ளது.

தங்கவயலைத் தமிழ்ப் பௌத்தருக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. க. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பின், அதன் கிளை தழைத்த இடங்களுள் மாரிக்குப்பம் தலையாயது. வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற நம் முன்னோர் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய சயனைடுக் கழிவுமண் மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து, மலைகளாக நிற்கின்றது. மாலை ஒளியில் அம்மலைகளைப் படமெடுத்தால் மிக அழகாயிருக்கும். திரைப்படக்காரர்களும் அங்கே சென்று படம் பிடித்திருக்கின்றனர். ஆனால் காற்றுக் காலத்தில் அம்மண் பறந்து, கீழே உள்ள வீடுகளில் படிகின்றது. கண்ணையும் மூச்சையும் வருத்துகின்றது. அம்மலையை இயற்கை என்போமா, செயற்கை என்போமா? நம் பாட்டன்மார் கூடை கூடையாகப் பூமிக்குள்ளிருந்து மேலே அனுப்பிய வாழ்நாட்களே அங்கு மலையாகி நிற்கின்றன. அம்மலையின் எந்தப் படமும், இதனை அறியாதவருக்கு அரைக்காட்சியே.

பங்காருபாளையத்தின் மாந்தோப்புகளும் அவ்வாறே. கிளிமூக்கு மாங்காய் எனப்படும் தோத்தாபுரி இம்மாவட்டத்தின் முதன்மைப் பயிர். அதன் பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குச் செல்கின்றது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் அதன் விலை வீழ்ந்தபோது, பங்காருபாளையம் சந்தை வளாகம் நாடறிந்த செய்தியாயிற்று. விவசாயிகள் மாங்காயைச் சாலையில் கொட்டினர். காய்த்துக் குலுங்கும் மரம் படமெடுப்போனுக்கு நிறைவின் காட்சி. அதனடியில் நிற்கும் குடியானவருக்கு அது கடனின் காட்சி. பறிப்புக் கூலியாளுக்கு வேலை உண்டா இல்லையா என்னும் கவலையின் காட்சி.

மேலும் ஒரு சிக்கல் நம் வாயிலிலேயே நிற்கின்றது. 1980களில் தமிழ்நாடு, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் சித்தூர் மாவட்டத்துக் காடுகளுக்கு வந்தன. பலமனேர், குப்பம் பகுதிகளில் 1990இல் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. பாலாற்றின் துணையாறான கௌண்டின்ய ஆற்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. யானைகளோ எல்லைக்கோடு அறியா. இரவில் இறங்கி நெல்லையும் கரும்பையும் வாழையையும் மாவையும் அழிக்கின்றன. காவலுக்குச் சென்ற மனிதர்கள் மிதியுண்டு இறந்துள்ளனர். திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலிகளில் யானைகளும் மாண்டன. விரட்டுவதற்காகக் கர்நாடகம் 2025இல் பயிற்சி பெற்ற கும்கி யானைகளை ஆந்திரத்திற்கு அளித்தது.

யானையின் படத்தைச் சுவரில் மாட்டி மகிழ்பவர் பயிரிழந்தவரைக் காண்பதில்லை. பயிரிழந்தவரோ, தன் காடு துண்டாடப்பட்டுப் பசியோடு அலையும் யானையைக் காண்பதில்லை. இருவருக்கும் கிடைத்தது அரைக்காட்சி. கோசாம்பியில் பிக்குகள் பூசலிட்ட காலத்தில் பகவான் அவர்களை விட்டு நீங்கிப் பாரிலேய்யக வனத்தில் தங்கியபோது, கூட்டத்தின் நெருக்கடியால் வருந்திப் பிரிந்த ஒரு யானை அவருக்குப் பணிசெய்தது என்று நம் நூல்கள் கூறும். அமைதியான இடம் வேண்டும் என்னும் தேவை இருவருக்கும் ஒன்றாயிருந்தது. துன்பத்தை அஞ்சுவது மனிதனுக்கும் யானைக்கும் பொது.

ஆகவே இதில் பௌத்தன் செய்யத்தக்கது தெளிவு. வரப்பில் மின்கம்பி கட்டுதல் முதல் சீலத்திற்கு மாறானது. அக்கம்பி யானையை மட்டுமன்றி, விடியலில் நீர் பாய்ச்சச் செல்லும் அண்டை வீட்டாரையும் கொல்லும். நம் உறவினர் கட்டியிருந்தாலும் அகற்றச் சொல்ல வேண்டும். அதே மூச்சில், பயிரிழந்தவரும் உயிரிழந்தவரின் குடும்பமும் வனத்துறையிடம் இழப்பீடு கோர மனு எழுதித் தருவதும், அம்மனு முடிவுறும்வரை உடன்செல்வதும் சங்கத்தின் பணியாக வேண்டும். நிலமில்லாக் காவலாளியின் இழப்புக்குப் பட்டாவும் இல்லை, சான்றும் இல்லை. அவர் பெயரை முதலில் எழுதுக. யானையிடம் கருணை, காவலாளியிடம் பாராமுகம் என்பது கருணை ஆகாது. கருணை பகுக்கப்படும் பொருளன்று.

கௌண்டின்யர் என்பது ததாகதரின் முதல் ஐந்து சீடருள் மூத்தவர் பெயருமாகும். சாரநாத்தில் முதற்பேருரையைக் கேட்டபோது, தோன்றுவன யாவும் மறையும் இயல்பின என்று உணர்ந்து தம்மக் கண் பெற்றவர் அவர். ஆற்றுக்கும் அவருக்கும் உள்ளது பெயர் ஒற்றுமையே. ஆயினும் அவ்வழியே செல்லும் தமிழ்ப் பௌத்தன், ஆற்றின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கண்ணை நினைவுகூர்தல் நன்று.

7. பயிற்சி

வாரம் ஒருநாள், உங்கள் ஊரில் நன்கு அறிந்த ஓரிடத்தில் கால்நாழிகை அமைதியாக நின்று நோக்குங்கள். காமிரா உள்ளவர் ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம் எடுத்துவைக்கலாம். இல்லாதவருக்குக் கண்ணே போதும். அப்போது நான்கு வினாக்களை வரிசையாக எழுப்புக.

முதலாவது: இக்காட்சியில் என் மனம் விரும்புவது எது, வெறுப்பது எது? இரண்டாவது: இதனை இவ்வாறு ஆக்கியவை எவை? மழை, மண், வேர், பறவையோடு, வெட்டியவர், நட்டவர், சுமந்தவர் யாவரையும் எண்ணுக. மூன்றாவது: சட்டத்திற்கு வெளியே நிற்பவர் யார்? நான்காவது: என் காலடியில் எது நசுங்குகின்றது? அதனைத் தவிர்க்க நாளை நான் செய்யக்கூடிய ஒன்று யாது?

நான்காம் வினாவுக்கு விடை எழாத பயிற்சி, அழகிய படத்தை நோக்கிப் பெருமூச்சு விடுதலோடு ஒக்கும். விடை சிறிதாயினும் குற்றமில்லை. ஒரு கன்றுக்கு நீர் விடுதலோ, ஒரு கம்பியை அவிழ்த்தலோ, ஒரு மனுவை எழுதித் தருதலோ போதும். நற்காட்சி முதலில் நின்று நற்செய்கையைப் பின்னே அழைத்து வருவது. பின்னே ஒன்றும் வரவில்லையாயின் முன்னே நின்றது நற்காட்சி அன்று.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. டிரைப் எடுத்த படங்களில் தெருக்கள் வெறுமையாயிருப்பதற்குக் காரணம் யாது? அதனால் நாம் அறியும் உண்மை யாது?

2. யோசெமிட்டியின் புல்வெளி, தங்கவயலின் மண்மலை ஆகிய இரண்டையும் சார்பில் தோன்றும் நியதியால் விளக்குக.

3. அரசமரத்தைக் கண்ணிமையாது நோக்கியதற்கும், மரத்தைத் தெய்வமென வணங்குவதற்கும் உள்ள வேற்றுமை என்ன?

4. சீவர ஆடையின் அமைப்பு உழைப்பாளர்க்கு அளிக்கும் மதிப்பை விளக்குக.

5. உங்கள் ஊரின் நிலக்காட்சி ஒன்றைப் படமாக்கினால், இதுவரை விடுபட்டவருள் யாரை முதலில் சேர்ப்பீர்கள்? ஏன்?

நமோ புத்தாய.